நோயைக் காவல் வைத்த கற்பு

உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் உட்கொண்டால் பாலியல் நோய்கள் சில தொற்றாமல் தடுக்கலாம் என்கிறது மருத்துவ உலகம். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ நகரச் சுகாதாரத் துறையும், 2024 சூனில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் இதற்கு முறையான வழிகாட்டுதல் வெளியிட்டன. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர் ஆகியோருள், முந்தைய ஓராண்டுக்குள் இத்தகைய நோய் கண்டவர்களுக்கே இது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதைக் கேட்டதும் நம்மவருள் பலர் நாவில் எழும் மறுமொழி ஒன்றுண்டு: பாவத்தின் தண்டனையை மாத்திரையால் தட்டிக்கழித்துவிட்டால், இனி ஒழுக்கத்துக்கு என்ன வேலை?

இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. திருச்சபையின் போதனை தளரவேண்டும் என்று கருதுவதால் அன்று; நோயைக் கடவுளின் சாட்டையாகக் கொள்வது நற்செய்திக்கு அயலானது என்பதால். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யாருடைய பாவம் என ஆராயப் புகுந்த சீடர்களை ஆண்டவர் எவ்வாறு திருத்தினார் என்பதை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் காட்டுகிறது.

சாட்டை என்றே வைத்துக்கொள்வோம். அது யார் முதுகில் விழுகிறது? அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 3,700-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாய்வழிச் சிபிலிஸ் தாக்கியது. அவர்களுள் 231 பேர் இறந்தே பிறந்தனர். 51 பேர் பிறந்தபின் மடிந்தனர். கருவுற்ற காலத்தில் சோதனையும் பெனிசிலின் ஊசியும் உரிய வேளையில் கிடைத்திருந்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம். கணவனிடமிருந்து நோய் பெற்ற மனைவியரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தண்டனை என்போர் இவர்களுக்குரிய குற்றப்பத்திரிகையையும் எழுதித் தரட்டும்.

இதே டாக்ஸிசைக்ளினைத்தான் 2018 பெருவெள்ளத்தின்போது, தண்ணீரில் இறங்கி உழைத்தோருக்கு எலிக்காய்ச்சல் வராதிருக்க, வாரத்துக்கு 200 மில்லிகிராம் எனக் கேரள அரசு வழங்கியது. படகுகளோடு விரைந்து உயிர்களை மீட்ட கடலோர மீனவருள் நம் சமயத்தவர் பலர். நோய் வருமுன் மருந்துண்பது அன்று எவரையும் உறுத்தவில்லை. ஆகவே இன்று உறுத்துவது மருந்தன்று, அதை உண்பவரே. இதை ஒப்புக்கொண்டு பேசுவதே நேர்மை.

உடலைக் கையளிப்பது ஆளையே கையளிப்பதாகும் என நம்புவதால் நாம் கற்பு நெறியைப் போதிக்கிறோம். அந்நம்பிக்கை கிருமியின் தயவில் நிற்பதன்று. பெனிசிலின் சிபிலிஸைக் குணமாக்கும் என 1943-இல் தெரியவந்தபோதும் இதே கவலை எழுந்தது. அச்சத்தைக் காட்டியே இளையோரைக் காத்துவிடலாம் என்று எண்ணுவோர், அச்சம் நீங்கிய நாளில் அவர்களிடம் சொல்ல ஒரு சொல்லுமின்றி நிற்பர். திருமணத் தயாரிப்பு வகுப்பில் நோயைப் பற்றி ஒரு மணி நேரமும் அன்பைப் பற்றிப் பத்து நிமிடமும் பேசுவோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

இம்மருந்தின்மேல் கேட்கத்தக்க கேள்வி வேறொன்று உண்டு. அதைத்தான் நம்மவர் கேட்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரை பாலியல் நோய்த் தொற்றுகளை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைத்தது உண்மையே. ஆயினும் சிபிலிஸ், கிளமிடியா ஆகியவற்றுக்கு எதிராக உள்ள வலிமை கொனோரியாவுக்கு எதிராக இதற்கு இல்லை. அக்கிருமிகளுள் பல இம்மருந்துக் குடும்பத்துக்கு ஏற்கெனவே அடங்க மறுப்பவை. 1979-இலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. துறைமுகத்தில் விடுப்பைக் கழித்துக் கப்பலுக்குத் திரும்பிய அமெரிக்கக் கடற்படையினருக்கு, இதே குடும்பத்து மினோசைக்ளினைக் கொடுத்து ஆராய்ந்தனர். எளிதில் மடியும் கொனோரியாக் கிருமிகள் மடிந்தன. எதிர்த்து நிற்கவல்லவை எஞ்சின. அம்முறை விரிவான பயனுக்கு உகந்ததன்று என்றே அவ்வாய்வாளர் முடிவு செய்தனர். பெண்களுக்கோ பயன் இன்னும் நிறுவப்படவில்லை. கென்யாவின் கிசுமு நகரில் 449 இளம்பெண்களிடையே நடந்த ஆய்வில் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தலைமுடி மாதிரிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் மருந்தின் சுவடே இல்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தனியொருவர் உடைமையன்று. ஒருவர் உடலில் அடங்க மறுக்கக் கற்ற கிருமி அடுத்த வீட்டுக் குழந்தையையும் தாக்கும். ஆகவே அடிக்கடி நோய்க்கு இலக்காவோருக்கு, மருத்துவர் மேற்பார்வையில், உரிய சோதனைகளோடு இதனை அளிப்பதை நாம் பழிக்கமாட்டோம். எல்லாருக்கும் பொதுவாக வாரி வழங்குவதை எதிர்ப்போம். ஆனால் அவ்வெதிர்ப்பை எழுப்பும் தகுதி நமக்கு உண்டா? சாதாரணச் சளிக்கு மருத்துவச் சீட்டின்றிக் கடையில் நான்கு மாத்திரை வாங்கி, இரண்டை விழுங்கிவிட்டு மீதியைத் திருவுருவப் படத்தின் அருகே அலமாரியில் வைக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை! சான் பிரான்சிஸ்கோவைக் கண்டிக்க எழுதுகோல் எடுப்போர் முதலில் அந்த அலமாரியைத் திறந்து பார்க்கட்டும்.