பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள்

ஒன்ராறியோவில் இயங்கும் எமது ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் தலைமைப் பிணக்கு எழுந்தால், அதைத் தீர்க்க வேண்டிய இடம் உறுப்பினர் பொதுக்கூட்டமே. நீதிமன்றம் கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். 2021 ஒக்ரோபர் 19 முதல் நடைமுறையிலுள்ள மாகாண இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம் இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறது. வாக்குரிமையில் 10 வீதத்தைக் கொண்ட உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டால் இயக்குநர் சபை கூட்டத்தை அழைக்க வேண்டும். 21 நாள்களுக்குள் அழைக்காவிடில், கையெழுத்திட்டவர்களில் எவரும் அழைக்கலாம். தெரிவான இயக்குநரைச் சாதாரணப் பெரும்பான்மையால் விலக்கவும் முடியும். இவ்வளவும் இருக்க, ஒரே பெயரில் இரண்டு நிர்வாகங்களை அறிவிப்பதும் வங்கிக் கணக்கை முடக்குவதும் மன்னிக்க முடியாதவை. அந்தப் பணம் இரவு வேலை முடித்து வந்தவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கென்று கொடுத்தது. சட்டத்தரணிகளின் கட்டணத்துக்கு அல்ல. பிணக்கின் வேர் பெரும்பாலும் உறுப்பினர் பட்டியலில்தான் கிடக்கிறது, தேர்தல் நெருங்கும்போது யாருடைய சந்தா ஏற்கப்பட்டது, யாருடையது திருப்பப்பட்டது என்பதில். ஆகவே பதவியிலிருப்போர் பட்டியலையும் கணக்கறிக்கையையும் முதலில் உறுப்பினர் முன் வைக்க வேண்டும். எத்தரப்பையும் சாராத ஒருவர் வாக்கெடுப்பை நடத்தட்டும். தோற்றவர்கள் அலுவலகத் திறப்பையும் வங்கிப் பொறுப்பையும் அன்றே கையளிக்க வேண்டும்.