பாபெத் இட்ட விருந்து

உபதேசத்தினால் மனிதர்களைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை பள்ளிக்கூட உபாத்தியாயர்களை இலேசில் விடுவதில்லை. அடியேனும் அந்த ஜாதிதான். ஆனால், காப்ரியல் ஆக்ஸெல் என்னும் டேனிஷ் டைரக்டர் 1987-ல் எடுத்த 'பாபெத்தின் விருந்து' என்ற படத்தைப் பார்த்த பிறகு, அந்த நம்பிக்கை சற்று ஆட்டங் கண்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, டென்மார்க்கின் ஜட்லாந்துக் கடற்கரையில் ஒரு சிறு கிராமம். காலஞ்சென்ற பாதிரியாரின் குமாரத்திகள் இருவர், விவாகத்தையும் துறந்து, தந்தையின் பக்தர் குழாத்தைக் காத்து வருகிறார்கள். 1871-ல் பாரிஸ் நகரில் நடந்த கலகத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெத், ஒரு மழை இரவில் அவர்கள் வாசலில் வந்து நிற்கிறாள். சம்பளம் வேண்டாம், தங்க இடம் தந்தால் போதும் என்கிறாள். கருவாடும் ரொட்டிக் கஞ்சியும் சமைக்கும் விதத்தைச் சகோதரிகள் அவளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்! பாரிஸில் பிரசித்தி பெற்ற 'கஃபே ஆங்க்லே' போஜனசாலையின் தலைமைச் சமையற்காரி அவள் என்று அவர்கள் கண்டார்களா?

பதினான்கு வருஷங்கள் கழித்து அவளுக்கு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. பாதிரியாரின் நூறாவது ஜன்ம தினத்துக்குத் தானே விருந்து சமைக்க அநுமதி கேட்கிறாள். ஆமையும் காடையும் வந்து இறங்குகின்றன. கிராமத்தார் நடுநடுங்கி, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று சபதம் செய்து கொள்கிறார்கள். (நம் வீட்டுப் பாட்டிமார் பந்திக்கே வந்திருக்க மாட்டார்கள்!) ஆனால் நாக்கைக் கட்டிப் போட்டாலும் ருசியைக் கட்ட முடியுமா? நெடுநாள் பகைத்திருந்தவர்கள் பழைய வஞ்சனைகளை ஒப்புக்கொண்டு சிரிக்கிறார்கள். முடிவில், குளிர்ந்த இரவில் கிணற்றைச் சுற்றிக் கைகோத்துப் பாடுகிறார்கள்.

பாபெத்தாக நடிக்கும் ஸ்தெஃபான் ஓத்ரான் அதிகம் பேசுவதில்லை. அடுப்படியில் அவள் கைகள் பேசுகின்றன.

அந்த ஒரே இரவில் 10,000 பிராங்கும் தீர்ந்து விட்டது என்று தெரிந்ததும், மாதக் கணக்கு எழுதும் குடும்பஸ்தனாகிய எனக்குப் 'பகீர்' என்றது. ஊர் திரும்பவாவது கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கக் கூடாதா? பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்பைப் பற்றிய பிரசங்கங்களை ஆயுள் முழுவதும் கேட்டவர்கள்தாம் அக்கிராமத்தார். கேட்டும், சண்டை போட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். பிரசங்கம் செய்யாத ஓர் அந்நிய ஸ்திரீ தன்னிடம் இருந்ததையெல்லாம் இலையில் இட்ட பிறகே, கேட்டது அவர்களுக்குப் புரிந்தது.

மறுநாள் வகுப்பில், ஒற்றுமையைப் பற்றி வழக்கம்போல் ஆரம்பித்த பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திக் கொண்டேன்.