பிறன் அச்சிட்ட காசும் பிளவுண்ட கூட்டமைப்பும்

நாணயம் என்னும் ஒரே சொல்லால் காசையும் குறிக்கின்றோம், நேர்மையையும் குறிக்கின்றோம். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் நாடுகளின் கூட்டு நிலைக்காது என்பதற்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் நம் கண்முன்னே பிளவுண்டு கிடக்கும் ஓர் அமைப்பே சான்று.

1975-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், நைசீரியாவின் இலாகோசு நகரில் பதினைந்து நாடுகள் ஒன்றுகூடி, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளியல் கூட்டமைப்பாகிய எக்கோவாசு அமைப்பைத் தோற்றுவித்தன. ஐரோப்பியன் கோடிழுத்துக் கூறுபோட்ட நிலத்தை வணிகத்தாலும் போக்குவரத்தாலும் ஒன்றாக்குவதே அதன் நோக்கம். 1979-இல், உறுப்பு நாட்டு மக்கள் நுழைவிசைவு இன்றி எல்லை கடக்கும் உரிமையும் உடன்படிக்கையாயிற்று. நல்ல தொடக்கந்தான். ஆயின், ஐம்பதாண்டு நிறைவுக்கு நான்கே திங்கள் எஞ்சியிருந்த 2025 சனவரி 29 அன்று, மாலி, புர்க்கினா பாசோ, நைசர் ஆகிய மூன்று நாடுகளும் அதைவிட்டு வெளியேறின. அவற்றை ஆள்பவர் படைத்தலைவர்கள். ஆகலின் விலகினர் என்று சொல்லிக் கைகழுவுதல் எளிது. வேர் அதனினும் ஆழமானது.

முதல் வேர், காசு. 1945 திசம்பரில் பிரான்சு தன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கென ஒரு நாணயத்தைப் படைத்தது. அதுவே சி.எப்.ஏ. பிராங்கு. 1960-இல் அந்நாடுகளுட் பல விடுதலை பெற்றன. கொடி மாறிற்று, நாட்டுப்பண் மாறிற்று, காசு மட்டும் மாறவில்லை! அம்மூன்று எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் விரிவை மட்டும் மாற்றினர். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் எட்டு நாடுகள் அதனையே வழங்குகின்றன. ஓர் ஐரோவுக்கு 655.957 பிராங்கு என்னும் விலங்கில் அது பூட்டப்பட்டுள்ளது. பணத்தாள் அச்சாவதும் பிரான்சு நாட்டுச் சமாலியேர் ஊரில்தான். அந்நாடுகள் தம் அயல்நாட்டுச் செலாவணி இருப்பில் பாதியையோ அதனினும் மிகுதியையோ பிரெஞ்சுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் என்னும் கட்டாயமும் பல்லாண்டுகள் இருந்தது. 2019 திசம்பரில் அக்கட்டாயம் நீக்கப்படும் என அறிவித்தனர். ஆயின் பூட்டும் நீங்கவில்லை, பிரான்சின் பொறுப்புறுதி என்னும் பிடியும் தளரவில்லை.

பிறன் கையில் உள்ள காசு என்ன செய்யும்? 1994 சனவரியில், பிரான்சும் பன்னாட்டுப் பணநிதியமும் வலியுறுத்த, அந்நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாயிற்று. உழைப்பாளியின் கூலி எண்ணளவில் அதே கூலிதான். அயலிலிருந்து வரும் மருந்தின் விலையோ பாய்ந்தேறிற்று. எந்த ஊரின் மக்கள் அதற்கு இசைவு தந்தனர்?

இந்நாணயத்தால் விலைவாசி கட்டுக்குள் நிற்கின்றது என்பார் உளர். அது பொய்யன்று. தனி நாணயம் உடைய கானாவில், 2022 இறுதியில் விலையேற்றம் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியது. ஆயின், கூண்டுக்குள் மழை படவில்லை என்பதற்காகப் பறவை கூண்டைப் போற்றுமா? வலுவான ஐரோவோடு கட்டுண்ட காசு அயற்பொருளை மலிவாக்கும். உள்நாட்டில் செய்த பொருளை விலைமிக்கதாக்கும். பின் தொழிலகம் எங்ஙனம் தழைக்கும்? மாலியின் பருத்தி பஞ்சாகவே கப்பலேறுகின்றது. ஐவரி கோசுட்டும் கானாவும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்குமேல் விளைக்கின்றன. அதனை இன்பண்டமாக்கி ஊதியம் குவிப்பவனோ ஐரோப்பிய முதலாளி.

இதற்கு மாற்றாக எக்கோ என்னும் பொதுநாணயம் காண்போம் என்றது கூட்டமைப்பு. 2003 என்றனர், 2005 என்றனர், 2009, 2015, 2020 என்று தள்ளினர், பின்னர் 2027 என்றனர். நாள் குறித்தலே தொழிலாயிற்று! உறுப்பு நாட்டு மக்கள்தொகையில் பாதிக்குமேல் கொண்ட நைசீரியாவின் நிழலுக்கு மற்றவை அஞ்சின. அந்நைசீரியாவோ, அரிசிக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி, 2019 ஆகத்து முதல் 2020 திசம்பர் வரை தன் நில எல்லைகளை அடைத்து, தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையைத் தானே மிதித்தது. பெரியவன் பிழைத்தால் கேட்பார் யார்?

இரண்டாவது வேர், நேர்மையின்மை. ஒருவர் இருமுறைக்குமேல் நாட்டுத் தலைவராதல் ஆகாது என்னும் விதி 2015-இல் கூட்டமைப்பின் முன் வந்தது. தோகோவும் காம்பியாவும் மறுக்கவே அது கைவிடப்பட்டது. 2020-இல் கினியாவின் ஆல்பா கோன்டேயும், ஐவரி கோசுட்டின் அலசான் உவாத்தாராவும் புதிய அரசமைப்பைக் காட்டி மூன்றாம் முறையும் ஆட்சிக்கட்டில் ஏறினர். கூட்டமைப்பு வாய்திறந்து தடுத்ததா? இல்லை. மறு ஆண்டே கோன்டேயைப் படையினர் கவிழ்த்தபோதுதான் அதற்கு மக்களாட்சி நினைவுக்கு வந்தது. தாளால் கவிழ்ப்பதும் கவிழ்ப்பே. துமுக்கியால் கவிழ்ப்பதும் கவிழ்ப்பே. முன்னதைப் பொறுத்தவனுக்குப் பின்னதைக் கண்டிக்கும் தகுதி யாது?

2023 சூலையில் நைசரில் படையினர் ஆட்சியைப் பறித்தனர். உடனே எல்லைகள் அடைக்கப்பட்டன. நைசீரியா மின்னாற்றலை நிறுத்தியது. உணவும் மருந்தும் ஏற்றிய சரக்குந்துகள் எல்லையில் தேங்கின. அரண்மனையில் இருந்தவன் பட்டினி கிடந்தானா? இருளில் கிடந்தவர் எளிய மக்களே. 2024 பிப்பிரவரியில் அத்தடைகளுட் பெரும்பாலானவற்றை நீக்கினர். அதற்கு ஒரு திங்கள் முன்பே மூன்று நாடுகளும் விலகலை அறிவித்துவிட்டன.

இனி, விலகியவர் நிலையையும் ஓரஞ்சாராது நோக்குவோம். கூட்டமைப்பின் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம். தம் மண்ணின் மொழிகளில் ஒன்றுகூட அவ்வரிசையில் இல்லை! ஆனால், 2023-இல் மாலி தன் புதிய அரசமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி இருக்கையினின்று இறக்கி, பதின்மூன்று நாட்டுமொழிகளை அதில் ஏற்றியது. மற்ற இரண்டும் அவ்வழியே சென்றன. இது போற்றத்தக்கது. ஆயினும், மொழியை விடுவித்தவர் அம்மொழியைப் பேசும் வாயைக் கட்டலாமா? 2025-இல் மாலியில் அரசியற் கட்சிகள் கலைக்கப்பட்டன. படைத்தலைவருக்குத் தேர்தலின்றியே ஐந்தாண்டு ஆட்சி நீட்டித்துத் தரப்பட்டது. பிரெஞ்சுப் படை வெளியேறிய மண்ணில் உருசியக் கூலிப்படை கால்வைத்தது. ஆண்டையை மாற்றிக்கொள்வது விடுதலை ஆகாது. மேலும், பிரான்சை வாய் ஓயாது பழிக்கும் இம்மூன்று அரசுகளும் வெளியேறியபோது, அவற்றின் கருவூலத்தில் இருந்த காசு அதே சி.எப்.ஏ. பிராங்கு அன்றோ?

கடலில்லா அந்நாடுகளுக்கு அண்டை நாட்டுத் துறைமுகமே மூச்சு. 2025 இறுதியில், செனகலிலிருந்தும் ஐவரி கோசுட்டிலிருந்தும் வந்த எரிநெய் ஊர்திகளைக் கிளர்ச்சிப் படையினர் மறித்துத் தாக்கியபோது, மாலி முழுவதும் பள்ளிகள் இரு கிழமை மூடப்பட்டன. அண்டையாரின்றி வாழ்வில்லை என்பதை இதனினும் தெளிவாக எவர் உரைக்க வல்லார்?

ஆகலின், கூட்டு வேண்டும். ஆனால் ஒப்புரிமைக் கூட்டு வேண்டும். தம் இருப்பைத் தம் கையில் வைத்துத் தாமே ஆளும் நாணயம் வேண்டும். தலைவனுக்கும் படைத்தலைவனுக்கும் ஒரே விதி வேண்டும். எக்கரணியம் பற்றியும் உணவு, மருந்து, மின்னாற்றல் ஆகியவற்றைத் தடைக்கருவி ஆக்காத உறுதி வேண்டும். விளைந்த மண்ணிலேயே பருத்தி ஆடையாகவும், கொக்கோ பண்டமாகவும் ஆதல் வேண்டும். இவற்றைச் செய்யாமல் மாநாடு கூட்டி, நாள் குறித்து, படம் எடுத்துக்கொண்டு கலையும் தலைவர்களால் அடுத்த ஐம்பதாண்டும் பாழாகும்.

தன் காசைத் தான் ஆளாதவன் தன் நாட்டையும் ஆளான். தன் மக்களை மதியாதவன் தன் அண்டையாரையும் மதியான். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் கேட்க வேண்டிய கேள்வி, கூட்டமைப்பா தனிவழியா என்பதன்று. எவ்வழியாயினும் ஆளப்போவது யார் என்பதே!