கேபிளில் எழுதியிருப்பதும் கேபிளுக்குள் இருப்பதும்

கையடக்கத் தொலைபேசிக் கடைக்கு வருமானம் தருவது தொலைபேசி அல்ல என்பது இத்தொழிலில் உள்ள அனைவரும் அறிந்ததே. கவர், கண்ணாடி, சார்ஜர், கேபிள் ஆகிய சில்லறைச் சாமான்கள்தான் கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்டித் தருகின்றன. மன்னார் பஸாரில் மட்டுமன்றி எருக்கலம்பிட்டி, தாராபுரம், சிலாவத்துறை போன்ற ஊர்களில் பலசரக்குக் கடைகளிலும் இன்று கேபிள் தொங்குகிறது. ஆனால் வாங்குபவருக்கும் தெரியாமல், விற்பவருக்கும் தெரியாமல் கைமாறும் பொருள் இதைப்போல் வேறொன்று இருக்குமோ என்பது சந்தேகமே.

காரணம், முனையின் வடிவம் ஒன்றாகிவிட்டது. 2014இல் வெளிவந்த டைப்-சி முனை இன்று எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. 2023 செப்டம்பரில் அப்பிள் நிறுவனமும் ஐபோன் 15 உடன் இதற்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் தொலைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இம்முனையைச் சட்டமாக்கியது. முனை ஒன்றானதால் கேபிளும் ஒன்றுதான் என மக்கள் நினைக்கிறார்கள். அங்குதான் குழப்பம் தொடங்குகிறது.

ஒரு கேபிளுக்குள் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது தரவுக்கு. ஒன்று அகலமாக இருப்பதால் மற்றதும் அகலமாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் மின்சாரம். இரு முனையும் டைப்-சி ஆன சாதாரண கேபிள் 3 அம்பியர் வரை தாங்கும். 20 வோல்டில் அது 60 வொட். அதற்கு மேல் 5 அம்பியர் செல்ல வேண்டுமானால், முனைக்குள் ஒரு சிறிய அடையாளச் சிப் இருக்க வேண்டும். 'நான் 5 அம்பியர் தாங்குவேன்' என்று அந்தச் சிப் சொன்னால்தான் சார்ஜர் அவ்வளவு மின்சாரத்தை அனுப்பும். 2021இல் வந்த புதிய விதியின்படி 48 வோல்டும் 5 அம்பியரும் சேர்ந்து 240 வொட் வரை செல்லலாம். கேபிளில் 60 அல்லது 240 என்ற இலக்கத்தை முத்திரையாக இடும் முறையும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முன்பு விற்ற 100 வொட் கேபிள்களும் 5 அம்பியர் வகையே.

அடுத்தது தரவு. மலிவான டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை 2000ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0 வேகத்தைத்தான், அதாவது செக்கனுக்கு 480 மெகாபிட்டைத்தான், தருகின்றன. நல்ல கேபிள்கள் 5, 10, 20, 40 கிகாபிட் எனப் போகும். உச்சம் 80 கிகாபிட். 10 கிகாபைட் அளவுள்ள திருமண வீடியோ ஒன்றை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 480 மெகாபிட் கேபிளில் ஏறக்குறைய 3 நிமிடம் வேண்டும். 10 கிகாபிட் கேபிளில் 8 செக்கன் போதும். நடைமுறையில் இரண்டும் கூடும், ஆனால் வித்தியாசம் மறையாது. ஒரு நாளைக்கு இருபது தடவை கோப்பு மாற்றும் ஸ்டூடியோக்காரருக்கு இது பெரிய விடயம்.

அதிக வொட் என்றால் அதிக வேகம் என்பது தவறு. அப்பிள் விற்கும் 240 வொட் கேபிளே தரவில் யூஎஸ்பி 2.0 வேகம் கொண்டதுதான். ஐபோன் 15 புரோ 10 கிகாபிட் வேகத்தில் இயங்கக்கூடியது. ஆனால் அதன் பெட்டிக்குள் வந்த கேபிளில் அந்த வேகம் கிடைக்காது. அந்த நிறுவனம் இதை மறைக்கவில்லை, தனது விபரப் பட்டியலில் எழுதியே விற்கிறது. நாம்தான் வாசிப்பதில்லை.

இன்னொரு தவறான எண்ணம், பெரிய கேபிள் போட்டால் போன் வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பது. எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்பதைப் போனும் சார்ஜரும் பேசித் தீர்மானிக்கின்றன. 25 வொட் எடுக்கும் போனுக்கு 240 வொட் கேபிள் எந்த அதிசயமும் செய்யாது. மாறாக, சாம்சங்கின் 45 வொட் சார்ஜருக்கு 5 அம்பியர் கேபிள் வேண்டும். சாதாரண கேபிளில் முழு வேகம் வராது. ஒப்போ, ரியல்மி, ஹுவாவி போன்றவை தமக்கெனத் தனி அதிவேக முறைகளை வைத்துள்ளன. அவற்றுக்கு அவற்றுக்குரிய கேபிள்தான் பொருந்தும். எனவே 'எந்தப் போன்? எந்தச் சார்ஜர்?' என்று கேட்காமல் கேபிளைக் கையில் கொடுப்பவர் வியாபாரம் செய்யவில்லை, சாமானைத் தள்ளிவிடுகிறார்.

எழுத்தும் உள்ளடக்கமும் வேறுபடும்போது என்ன நடக்கும்? 2016 பெப்ரவரியில் கூகுள் பொறியியலாளர் பென்சன் லியுங், இணையத்தில் வாங்கிய ஒரு டைப்-சி கேபிளைச் சோதித்தபோது, உள்ளே மின் இணைப்புக் கம்பிகள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்ததால் அவரது மடிக்கணினியே பழுதாகியது. அடுத்த மாதமே அமேசான், விதிக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களைத் தனது தளத்தில் விற்பதைத் தடை செய்தது.

நமது பக்கம் இப்படியான தடையும் இல்லை, சோதனையும் இல்லை. அண்மையில் ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய பெட்டியில் எல்லாக் கேபிளிலும் '240 வொட்' என்று அழகாக அச்சிடப்பட்டிருந்தது. மீற்றரில் போட்டுப் பார்த்தபோது ஒன்றில்கூட அடையாளச் சிப் இல்லை. 100 வொட் சார்ஜருடன் மடிக்கணினியில் இணைத்தால் 60ஐத் தாண்டவில்லை. திருப்பி அனுப்பினேன். 'எல்லோரும் இதைத்தான் விற்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன?' என்பதே பதில்.

இந்தக் கேள்விக்கு நமது மண்ணிலேயே பதில் இருக்கிறது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் முத்துக்களைக் குத்துமதிப்பாக விற்கவில்லை. 20 துளை கொண்ட சல்லடை தொடக்கம் 1000 துளை கொண்டது வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, அளவு பிரித்து, பின் நிறமும் உருவமும் பார்த்தே விலை பேசினார்கள். கண்ணுக்குத் தெரியும் முத்துக்கே இத்தனை சல்லடை என்றால், உள்ளே இருப்பது தெரியாத கேபிளுக்கு ஒரு சல்லடையாவது வேண்டாமா?

அந்தச் சல்லடை விலை கூடியதல்ல. அடையாளச் சிப்பை வாசிக்கும் யூஎஸ்பி மீற்றர் ஒன்றைக் கடைக்கு வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்றை எடுத்துச் சோதியுங்கள். சரக்கை மூன்றாகப் பிரியுங்கள்: போன் சார்ஜுக்கு 60 வொட், மடிக்கணினிக்கு 240 வொட், தரவுக்கு 10 கிகாபிட் அல்லது அதற்கு மேல். வொட், வேகம், நீளம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். நீளம் கூடினால் மின்னழுத்தம் குறையும், வேகமும் நிலைக்காது. சாதாரண 40 கிகாபிட் கேபிள் ஒரு மீற்றருக்குள்தான் இருக்கும். 3 மீற்றர் கேபிளில் 40 கிகாபிட் என்று மலிவாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நமது கரைக்கு உப்புக்காற்று என்ற தனிப் பிரச்சினையும் உண்டு. ஈரமும் உப்பும் உள்ள முனையில் மின்சாரம் பாயும்போது தொடுபுள்ளிகள் விரைவில் அரிக்கப்படும். கடலுக்குப் போகும் சகோதரர் இடம் காட்டவும் கரையுடன் பேசவும் நம்பியிருப்பது அந்தப் போனைத்தான். கரைக்கு வந்ததும் துளையை நன்றாக உலர்த்திய பின்னரே சார்ஜ் போட வேண்டும், கேபிளைப் பொலித்தீன் பைக்குள் வைக்க வேண்டும் என்று விற்கும்போதே சொல்லுங்கள். அதற்குச் செலவு இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடை செய்கிறது. ஆனால் நமக்குச் சட்டத்துக்கு முன்பே வழிகாட்டல் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவியதையும், ஏமாற்றுபவருக்கு விடுத்த எச்சரிக்கையையும் நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அச்சிட்ட உறைக்குள் மறைந்திருக்கும் மெல்லிய கம்பியும் அந்த ஈரத் தானியம்தான். அச்சடித்தது சீனாவில், அனுப்பியது புறக்கோட்டையிலிருந்து என்று சொல்லலாம். பணத்தை வாங்குவது நமது கை அல்லவா?

1990இல் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, மீண்டு வந்து கடை திறந்த சமூகம் நாம். அப்போது மூலதனத்தில் குறைந்திருந்தோம், நம்பிக்கையில் குறையவில்லை. சில நூறு ரூபா கேபிளுக்காக அந்த நம்பிக்கையை இழப்பது நட்டமான வியாபாரம். தெரிந்ததைச் சொல்லி விற்போம், சோதித்ததை மட்டும் விற்போம். இன்ஷா அல்லாஹ், பரக்கத் தானாக வரும்.