கருவும் எழுத்தும்

நம் துறையில் இளங்கலை பயின்று சென்ற மாணவர் ஒருவர் சில திங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு தயாரிப்பாளரிடம் இரண்டு மணி நேரம் கதை சொன்னாராம். "கரு நன்றாக இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம்" என்று விடை கொடுத்தார்களாம். ஈராண்டு கழித்து அதே கரு வேறொருவர் பெயரில் திரைக்கு வந்துவிட்டது என்று கூறிக் கண் கலங்கினார். "எழுதி வைத்திருந்தாயா, தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் நெஞ்சில் இருந்தது, ஐயா" என்றார். அவர்மீது எனக்கு இரக்கம் உண்டு. ஆயினும் அவர் முறையீட்டில் முழு உடன்பாடு இல்லை.

தமிழ்த் திரையுலகில் கதை எழுதித் தரப்படுவதைக் காட்டிலும் சொல்லப்படுவதே பெருவழக்கு. கதாநாயகன் நுழையும் இடத்தில் பின்னணி இசையையும் வாயாலேயே எழுப்பி, இடைவேளைக்கு முன் ஒரு கணம் நிறுத்தி, கேட்போர் முகம் பார்த்துக் கதையை வளைத்துச் செல்வது ஒரு தனிக் கலை. நன்றாக எழுதுபவர் தோற்க, நன்றாகச் சொல்பவர் வெல்லும் களம் அது. இதனைப் பழிப்பாருண்டு, நான் பழியேன். அமெரிக்கப் பெருநிறுவனங்கள், முகவர் வழியே வாராத கதைகளைப் பெரும்பாலும் படியாமலே திருப்பிவிடுகின்றன. இங்கோ, ஊர்ப்புறத்திலிருந்து பேருந்தேறி வந்த இளைஞனும் ஓர் உதவி இயக்குநரின் அறிமுகத்தால் தயாரிப்பாளர் முன் அமர்ந்து வாய் திறக்க முடிகிறது. இந்தத் திறந்த வாயிலை இழத்தல் நமக்கு நட்டமே. ஆனால் அவ்வாயிலுள் எதனை எடுத்துச் செல்கிறோம் என்பதே வினா.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். ஆர். ஜி. ஆனந்த் என்பார் கட்டடக்கலைஞர். நாடக ஆசிரியரும் ஆவார். 1953ஆம் ஆண்டு 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் நாடகத்தை எழுதி, மறு ஆண்டு தில்லியில் அரங்கேற்றினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் 'மதராஸி'க் குடும்பம் ஒன்றும் அண்டை வீட்டாராய் வாழ, இரு வீட்டுப் பிள்ளைகளின் காதலுக்கு மாகாணப்பற்று குறுக்கே நிற்பது அதன் பொருள். 1955 சனவரியில் தில்லிக்கு வந்த இயக்குநர் மோகன் ஸேகலிடம் அவர் நாடகம் முழுவதையும் சொல்லிக் காட்டினார். அதன்பின் விடை ஏதும் வரவில்லை. 1956இல் 'நியூ டெல்லி' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞன், அதிலும் தமிழ்ப்பெண். ஆனந்த் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். தில்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 1978இல் உச்சநீதிமன்றத்திலும் தோற்றார்.

நம் மாணவராவது எழுதவில்லை. ஆனந்தோ எழுதினார், மேடையேற்றினார், சொன்னதற்கும் சான்று வைத்திருந்தார். அவர் ஏன் தோற்றார்? கருத்துக்கும் கதைக்கருவுக்கும் எவரும் உரிமை கோர இயலாது. அக்கருவை ஒருவர் வடிவமைத்த முறைக்கும், நிகழ்ச்சிகளைக் கோத்த ஒழுங்குக்கும், வெளிப்படுத்திய பாங்குக்குமே உரிமை உண்டு என்றது நீதிமன்றம். மாகாணப்பற்று யார்க்கும் பொதுவான பொருள். படத்திலோ, பிற மாநிலத்தார்க்கு வீடு வாடகைக்குக் கிடையாமை, வரதட்சணைக் கொடுமை ஆகிய புதுக் கிளைகள் இருந்தன. இரண்டையும் கண்ட ஒருவர்க்கு, பின்னது முன்னதன் படியே என்னும் ஐயமற்ற எண்ணம் எழவேண்டும்; அஃது எழவில்லை என முடிந்தது. நீதியரசர் பதக் ஒருவர் மட்டும் சற்றுத் தயங்கினார். ஆயினும் இரு கீழ் நீதிமன்றங்களின் முடிபையும் மாற்ற அவர் முற்படவில்லை. எனக்கும் அத்தயக்கம் உண்டு. நாடகாசிரியரின் வலியைத் தீர்ப்பு போக்கவில்லை. எனினும் வேறு வழி யாது? கருவுக்கு வேலியிட்டால், முதலில் எழுதியவர்க்குப் பின் வந்தோர் எவரும் பிரிவையும் பழிவாங்கலையும் தொடவே முடியாதே!

இனி, நம் மாணவர் இழந்தது யாது என்று பார்ப்போம். 'பிரிந்த அண்ணன் தம்பியர் ஒரு வழக்கில் எதிரெதிரே நிற்கின்றனர்' என்பதே அவர் எனக்குச் சொன்ன கரு. எதிரெதிரே நின்ற அவ்விருவர் என்ன பேசினர் என்றேன். அதனை இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். அந்தப் பேச்சன்றோ அவருடைய சொத்தாகியிருக்கும்!

எழுதியவர்க்குச் சட்டத்தில் இடமில்லாமலில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று, சான்றாகப் பயன்படும். சென்னையிலுள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் உறுப்பினர் கதைகளைப் பதிவு செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ, திரையரங்கிற்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளர்க்குரிய பங்கை ஒப்பந்தத்தால் பறிக்கவியலாது என்கிறது. இவை யாவும் தாளில் உள்ளவனுக்கே. நெஞ்சில் மட்டும் உள்ளவனுக்கு அல்ல.

ஆதலின் நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். விருப்பப் பாடமாகவேனும் திரைக்கதை எழுதும் பயிற்சி வேண்டும். ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், பின் காட்சி வரிசை, பின் உரையாடல் என மூன்று படியிலும் மாணவர் கைப்பட எழுதித் திருத்தம் பெறவேண்டும். "கல்லூரியிலேயே சினிமாவா?" என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவேன். அவர்கள் கவலையில் நியாயமும் உண்டு. ஆனால் நாம் தடுத்தாலும் பிள்ளைகள் கோடம்பாக்கம் செல்கின்றனர், வெறுங்கையராய்ச் செல்கின்றனர்.

அம்மாணவரிடம் அதே கருவை மீண்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "அந்தப் படம் வந்துவிட்டதே, ஐயா" என்றார். வந்தால் என்ன? நீதிமன்றக் காட்சியில் தம்பி பேசும் பேச்சோடு சென்ற வாரம் வந்தார். இரண்டரைப் பக்கம். சிவப்பு மையால் நிறையத் திருத்தியிருக்கிறேன்.