மெர்கேட்டர் மேல் விழுந்த பழி

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படம் ஒரு பொய்; ஐரோப்பாவைப் பெரிதாகவும் ஆப்பிரிக்காவைச் சிறிதாகவும் காட்ட வெள்ளையர்கள் திட்டம்போட்டு வரைந்த படம்; நிலத்தின் உண்மையான அளவைக் காட்டும் வேறொரு படம் இருக்கிறது, அதை நம் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள். மேடைகளிலும் காணொளிகளிலும் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர்களின் அக்கறை உண்மையானது. அந்த அக்கறை எனக்கும் இருப்பதால்தான் மறுக்கிறேன். தவறான ஆளைக் கூண்டில் ஏற்றினால் குற்றம் செய்தவர்கள் தப்பிப் போவார்கள்.

அளவு பிசகியிருப்பது உண்மை. கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு. மெர்கேட்டர் படம் எனப்படும் அந்தச் சுவர்ப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிகின்றன. பிரிட்டன் தீவைவிட மடகாஸ்கர் இரண்டே முக்கால் மடங்கு பெரியது. படத்தில் இரண்டும் சமம்போல் நிற்கின்றன. இந்தப் படத்தையே பார்த்து வளரும் பிள்ளையின் மனதில் உலகம் கோணலாகத்தான் பதியும். இதுவரை நான் அவர்கள் பக்கம்.

ஆனால் திட்டம்போட்டு வரைந்தார்கள் என்பது நிற்காது. கெரார்டஸ் மெர்கேட்டர் இந்தப் படத்தை 1569இல் டூயிஸ்பர்க் நகரில் வெளியிட்டார். கடலோடிகளின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார். நடுக்கடலில் மாலுமிக்குத் தேவை நாட்டின் பரப்பளவு அல்ல, திசை. புறப்படும் துறைமுகத்தையும் போய்ச்சேரும் துறைமுகத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதன் கோணத்தை அளந்து, திசைகாட்டியை அதே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்த முடிய வேண்டும். அதற்கு விலை உண்டு. உருண்டையில் துருவத்தை நோக்கி நெருங்கிவரும் தீர்க்கக்கோடுகளைப் படத்தில் இணைகோடுகளாக வரைந்தாக வேண்டும். அப்படி வரைந்தால் நிலம் கிழக்கு மேற்காக இழுபடும். கோணம் கெடாமல் இருக்க, வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுக்க வேண்டும். 60 பாகை அட்சக்கோட்டில் நீளமும் அகலமும் இரண்டிரண்டு மடங்கு, ஆகவே பரப்பு நான்கு மடங்கு. துருவத்தை இந்தப் படத்தில் வரையவே முடியாது. இதில் கணக்கு இருக்கிறது, வஞ்சகம் இல்லை. மெர்கேட்டர் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குக் கருவிகள் செய்துகொடுத்தவர்தான். அதே பேரரசரின் ஆட்சியில் 1544இல் மதவிரோதி என்று பிடிபட்டு, மாதக்கணக்கில் சிறையில் கிடந்தவரும் அவரே.

அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் பின்னாளில் இந்த முறையில் வரைந்த படங்கள் வழிகாட்டின. இந்தப் படத்துக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் உள்ள உறவு அங்கே இருக்கிறது. அதைப் பேச வேண்டும். கிரீன்லாந்தின் பருமனைப் பேசி அதை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது, ஐரோப்பாவைப் பெருக்கிக் காட்டவே வரைந்தார்கள் என்பது. 1569இல் உலகக் கடல்களை ஆண்டவை ஸ்பெயினும் போர்ச்சுகலும். இரண்டும் 40 பாகையை ஒட்டியவை. படத்தில் அவற்றின் பரப்பு கூடுவது சுமார் 1.7 மடங்கு. பிரிட்டன் சுமார் மூன்று மடங்கு கூடுகிறது. ஆனால் பத்து மடங்குக்கும் மேல் ஊதிப்போகிறவை கிரீன்லாந்தும் கனடாவின் வடகோடியும். அவை இன்யூட் மக்களின் மண். படத்தில் பெரிதாகத் தெரிவதே அதிகாரம் என்றால், உலகிலேயே வலிமைமிக்கவர்களாக அவர்கள் இருந்திருக்க வேண்டும். 1953இல் கிரீன்லாந்தின் தூலே பகுதியில் அமெரிக்க விமானத்தளத்தை விரிவாக்க, டென்மார்க் அரசு அங்கு வாழ்ந்த இன்யூட் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் வடக்கே விரட்டியது. சுவரில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிந்த நிலம், வாழ்ந்த மண்ணைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு உதவவில்லை.

உண்மையான படம் என்று பெரும்பாலும் நீட்டப்படுவது ஜெர்மானிய வரலாற்றாளர் ஆர்னோ பீட்டர்ஸ் 1973இல் பான் நகரில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்த படம். 2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் பள்ளிகள் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது உலகமே பேசியது. அதே முறையை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855லேயே விளக்கியிருந்தார். பரப்பளவு அதில் சரி, வடிவம் சரியில்லை. அந்தப் படத்தில் வடிவம் கெடாமல் இருப்பது 45 பாகைக் கோட்டில். தெற்கே அது அர்ஜென்டினா, சிலி, நியூசிலாந்து வழியாகப் போகிறது. வடக்கே தெற்கு பிரான்ஸ், வடக்கு இத்தாலி வழியாக. நிலநடுக்கோட்டிலோ நிலத்தின் உயரம் அகலத்தோடு ஒப்பிட இரு மடங்கு நீண்டுவிடுகிறது. காங்கோ, உகாண்டா, கென்யா எல்லாம் இழுத்துவிட்டதுபோல் ஆகின்றன. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் அதே கதிதான். ஆப்பிரிக்காவுக்கு நீதி என்று சொல்லி வந்த படம், இத்தாலியின் உருவத்தைக் காப்பாற்றி ஆப்பிரிக்காவின் உருவத்தைச் சிதைக்கிறது. வளைந்த பரப்பை எதுவும் கெடாமல் தட்டையாக்க முடியாது என்பது 1827இல் கணிதமேதை காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படும் முடிவு. எந்தத் தாளிலும் ஏதோ ஒன்று கெடும். எதைக் கெடவிடலாம் என்பதைப் படத்தின் பயன்தான் தீர்மானிக்க வேண்டும்.

மறைத்துவிட்டார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நேஷனல் ஜியோகிராபிக் சங்கம் 1922 முதல் 1988 வரை தன் உலகப் படங்களுக்கு வான் டெர் கிரிண்டன் முறையையும், பின்பு ராபின்சன் முறையையும், 1998 முதல் விங்கெல் டிரிபெல் முறையையும் கையாண்டது. கூகுள் மேப்ஸ் மெர்கேட்டரை எடுத்துக்கொண்டது தெருமுனைகளின் செங்கோணம் எந்த ஊரிலும் மாறாமல் தெரிய வேண்டும் என்பதற்காக. 2018இல் கணினித் திரையில் உலகம் முழுவதையும் பார்ப்பவர்களுக்கு அது உருண்டையையே காட்டத் தொடங்கியது.

ஆதிக்கம் நாட்டைப் பிடித்தது பிசகான படத்தால் அல்ல, பிசகாத படத்தால். 1799இல் திப்பு வீழ்ந்தபின் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் தென்னாட்டை அளக்கத் திட்டம் கொடுத்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி காசு கொட்டியது இதற்குத்தான். அளந்த நிலத்தைத்தான் ஆள முடியும், வரி போட முடியும். 1947 ஜூலை 8 அன்று முதன்முறையாக இந்தியாவில் கால்வைத்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்க்ளிஃப், சில வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடுபோட்டுப் பிரித்தார். கோடு எங்கே ஓடுகிறது என்று சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் மக்களுக்குத் தெரிந்தது. அந்தக் கோடு விழுந்த மாவட்டப் படங்களில் மெர்கேட்டரின் ஊதல் எதுவும் இல்லை.

2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம், மெர்கேட்டரைக் கைவிட்டு ஈக்வல் எர்த் முறைக்கு மாறக் கோரும் இயக்கத்தை ஆதரித்தது. 2018இல் வெளிவந்த அந்த முறை பரப்பளவைச் சரியாகக் காட்டும். வடிவத்தையும் அவ்வளவாகக் குலைக்காது. சுவரில் தொங்கும் உலகப் படத்துக்கு அது நல்ல தேர்வு, நம் பள்ளிகளுக்கும்தான். அந்தக் கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அது போதும் என்று நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பக்காசி தீபகற்பம் நைஜீரியாவுக்கா, கேமரூனுக்கா என்ற வழக்கில் 2002இல் சர்வதேச நீதிமன்றம் கேமரூனுக்கே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது, பிரிட்டனும் ஜெர்மனியும் 1913இல் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அங்கே மீன்பிடித்து வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்களை நைஜீரியர்களாகவே கருதினார்கள். ஒப்பந்தம் போட்ட இரண்டு பேரரசுகளும் மறைந்த பிறகும், 2008இல் நிலம் கைமாறியபோது அந்தக் கோட்டுக்குத்தான் அவர்கள் கட்டுப்பட வேண்டியிருந்தது. புதிய உலகப் படம் மாட்டப்படும் வகுப்பறையில் 1913ஆம் ஆண்டு எல்லைப் படமும் இடம்பெறட்டும். அதில் யார் கோடு போட்டார்கள், யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று ஆசிரியர் பாடம் நடத்தட்டும்.