வேலியே பயிரை மேய்ந்தால்?

போன வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தேன். விருந்தாளிகள் கிளம்பியதும் மதினி என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார்.

"மார்புல ஒரு கட்டிம்மா. வலியே இல்லை. ஆறு மாசமா இருக்கு. உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லலை."

எனக்குப் பகீரென்றது. மதினி சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். "மருந்து நெடியையே தாங்கின உடம்பு. எதிர்ப்புச் சக்தி இருக்கு, தானா கரைஞ்சிடும்னு கஷாயம் குடிக்கிறேன்" என்றார்.

சகோதரிகளே, நம்மில் பலரும் இப்படித்தான் நம்புகிறோம். உள்ளே நடப்பது என்ன தெரியுமா?

ரத்தத்து வெள்ளை அணுக்களில் 'டி' செல்கள் என்று ஒரு வகை. அவை காவல்காரர்கள். புற்று செல்லை அடையாளம் கண்டு கொல்லவும் தெரிந்தவை. ஆனால் கட்டி தனியாக வளர்வதில்லை. நம் சொந்த செல்களையே சுற்றிலும் துணைக்கு வைத்துக்கொள்கிறது. காயத்தை ஆற்ற வேண்டிய நார் செல்கள் கட்டியைச் சுற்றித் தடித்த வேலி போடுகின்றன. சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க்குள் கால் வைக்க முடியுமா? அதுபோல டி செல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. கண்ட கழிவையும் விழுங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய மாக்ரோபேஜ் செல்களில் பல, கட்சி மாறிக் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளர உதவுகின்றன. வேலியே பயிரை மேய்கிற கதைதான்! தப்பித்தவறி உள்ளே நுழைந்த டி செல்லுக்கும் 'பிடி-1' என்று ஒரு பிரேக் உண்டு. புற்று செல்களும் அக்கம்பக்கத்துச் செல்களும் அதை அமுக்கிவிடுகின்றன. இந்த ஏற்பாட்டைக் கஷாயம் கலைக்காது.

இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவிக்கும் வழியைக் காட்டியதற்குத்தான் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதிலிருந்து வந்த ஊசிகள் இன்று நம் நாட்டிலும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் பலிப்பதில்லை. டி செல் உள்ளேயே போகாத கட்டியில் பிரேக்கை விட்டு என்ன பயன்? சிலருக்குத் தைராய்டு, குடல், நுரையீரல் என்று நல்ல உறுப்புகளையே டி செல்கள் தாக்குவதும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அதுவும் சில ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான். மார்பகம் போன்ற இடத்துக் கட்டிகளில் இந்த முறை இன்னும் திணறுவதற்கு அந்த வேலியும் ஒரு முக்கியக் காரணம்.

மறுநாளே மதினியை மதுரைக்கு அழைத்துப் போனேன். மாமோகிராம், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை, எல்லாம் ஆயிற்று. புற்றுநோய்தான், அக்குளுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்தன. முடி கொட்டி, இப்போது மறுபடி வளர்கிறது. "அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா இவ்வளவு இழுத்திருக்காதேம்மா" என்கிறார்.

கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. எது எது என்று பரிசோதித்தால்தான் தெரியும். கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோலில் சுருக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டலாம். வெட்கத்தை அடுக்களையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்!